நத்தை

இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான்
மல்லாவி ரவர் எங்களுக்கு இளகும்.
அதுவரை அது நாடகம் பார்க்கிறவர்களுடையது,
கனடாவுக்கு வீடியோக் கோல் எடுக்கிறவர்களுடையது.

நாலு பேர் நாங்கள்.
கஜரூபன், உள்ளே அவன் பெயர் சுட்டகத்தரிக்காய்.
நான் பாலைப்பழம்.
ஒட்டுசுட்டானிலிருந்து பிளேன்ரீ,
அவனுக்கு எழில்வேந்தன் என்றொரு பெயர் இருப்பதை
அடையாள அட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.
தருமபுரத்திலிருந்து நிறஞ்சலா.
அவள் தனக்கு வைத்தது மின்னல்ராணி.
இரண்டாம் நாளே நாங்கள் அதை நத்தை ஆக்கிவிட்டோம்.

விமானத்திலிருந்து குதிக்க முதலே சண்டை.
"பாலத்தடியில இறங்குவம்."
"போன கிழமை அங்க இறங்கித்தானே
பெட்டியாக் கிடந்தனி?"
"அது என்ர பிழையில்லை, பிங் இருநூற்றி நாப்பது."
"ஓ எல் சோதினைக்கும் நீ பிங் எண்டுதான் சொன்னனி."

புது அப்டேற்றில் மப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்பது
சுட்டகத்தரிக்காயின் கட்சி.
குளத்தைத் தூர்த்துக் கடைத்தெரு போட்டிருக்கிறார்களாம்,
தவறணைக்கு வழி தெரியாதவன் கீறின மப்பாம்.
பிளேன்ரீக்குக் கொள்கை உண்டு.
தூரத்திலிருந்து சுடுகிறவன் கோழை என்பான்,
கிட்ட வந்து சுடுகிறவன் விசரன் என்பான்,
அப்ப நீ எங்க நிக்கிறாய் என்று பார்த்தால்
ஆரோ ஒருவரின் குளியலறைக்குள் நிற்பான்.
நான் மஞ்சள் ஜக்கெற் வாங்கினேன், ஆயிரத்து நானூறு ரூபாய்.
ஒரு மாதமாய் அதைச் சொல்லியே கொல்லுகிறார்கள்:
"அந்தக் காசுக்கு உண்மையான சேட்டே வாங்கலாமேடா,
போட்டுக்கொண்டு வெளியிலயும் போகலாம்."

நத்தை இதிலெல்லாம் சேராள்.
புல்வெளி வந்தால் நிற்பாள்.
எங்களுக்கு அந்தப் புல் ஒரே பச்சை,
அவள் அதில் ஏதோ வாசிப்பாள்.
"வட்டம் சுருங்குது, ஓடி வாடி!"
"பொறு."
"நீலம் முதுகில முட்டுது!"
"பொறு எண்டுறன்."
முதலில் சாகமாட்டாள். வெல்லவும் மாட்டாள்.
பத்தரைக்கு, ஆட்டத்தின் நடுவிலும் போய்விடுவாள்,
நாலரைக்கு வாகனம் வரும்.

என்ன வாகனம் என்று எங்களுக்குத் தெரியும். கதைத்ததில்லை.
ஒருநாள் பிளேன்ரீ வாயை விட்டான்:
"முகமாலையிலயும் இப்பிடித்தான் நடக்கிறனியோ?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
லாக் என்று நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன்.
"அங்க நடக்கிறேல்லை, முழங்காலில.
ஒரு நாளைக்கு நாலு பாய் விரிக்கிற இடம்.
அதுக்குச் சம்பளம் தருகினம்.
உங்களோட ஓசியிலதானே வாறன், வாயை மூடு."
சுட்டகத்தரிக்காய்தான் முதலில் சிரித்தான்.
பிறகும் நத்தை என்றே கூப்பிட்டோம்.
ஆனால் அடுத்த புல்வெளியில்
மூன்று பேரும் அவளுக்குப் பின்னால் வரிசையாய் நின்று
ஒன்றாய்ச் செத்தோம்.

போன வெள்ளி
குதித்தாள். குடை கழன்றது. ஓடினாள்.
துவக்கு எடுக்கவில்லை, தலைக்கவசம் எடுக்கவில்லை,
வெட்டைக்கு நடுவால் நேர்கோடாய்.
"எங்கயடி போறாய்?"
"ஆரோ போனைப் பறிச்சிட்டாங்கள் மச்சான்!"
மூன்று கூரையிலிருந்தும் சுட்டார்கள்.
ஒன்பது செக்கன்.
ஹெட்செற்றில் அவள் சிரிப்பு,
மூச்சு வாங்கிக்கொண்டு, தானே ஓடினவள் மாதிரி.

"இண்டைக்கு எங்கட துண்டு முடிஞ்சுது.
கையெழுத்துப் போட்டுக் காணிக்காரரிட்டக் குடுத்தாச்சு.
அந்த மனிசன் முதல் வேலையா
மாட்டை அவிட்டு விட்டுட்டார்."

எங்களுக்கு வாழ்த்துச் சொல்லத் தெரியாது.
பிளேன்ரீ தொண்டையைச் செருமினான்:
"எண்டாலும் ஒன்பது செக்கன் கூடாதடி.
பாலைப்பழமே பன்னிரண்டு தாக்குப்பிடிச்சவன்."
"மஞ்சள் ஜக்கெற்றோட," என்றாள்.
திரும்பவும் அதுவோ என்று நான் தொடங்க
டேட்டா முடிந்தது.